நினைவைப் பற்றி ஒரு குழுக் கண்காட்சி: முதல் கேள்வியில் இருந்து கடைசி ஆணி வரை

குழுக் கண்காட்சிக்குத் தலைப்பு தேடும் கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் "நினைவுன்னு வைக்கலாமே" என்று சொல்லிவிடுவார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள்? அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு படைப்பு ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது. பாட்டியின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது, துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, மை மங்கிய கடிதம், இடிந்த வீட்டில் இருந்து எடுத்து வந்த கதவு. அந்தச் சுலபம்தான் இந்தத் தலைப்பின் வம்பு. எதை வைத்தாலும் பொருந்தும் என்றால் எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அப்படி எல்லாவற்றையும் உள்ளே விட்ட கூடம் கடைசியில் பரணை இறக்கி வைத்த மாதிரிதான் இருக்கும்.

நான் இதில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன், படைப்பு கொடுத்த பக்கமும், காட்சியை அமைத்த பக்கமும். பத்துப் பேருக்குள், ஒரே கூடத்தில், பெரிய நிறுவனம் எதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் நடத்துகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் பேச்சில் இருந்து திறப்பு நாள் வரை ஒன்பது மாதம் இருந்தால் மூச்சு விட்டுக்கொண்டு செய்யலாம். ஆறு மாதத்திலும் முடியும். மூன்றே மாதம் என்றால் யாரையும் புதிதாக எதையும் செய்யச் சொல்லாதீர்கள், இருப்பதை வைத்து நடத்துங்கள்.

1. தலைப்பை உடைத்துக் கேள்வியாக்குங்கள்

முதலில் சொல்லையே கொஞ்சம் பாருங்கள். தமிழில் "நினைத்தேன்" என்றால் யோசித்தேன் என்றும் வரும், ஞாபகம் வந்தது என்றும் வரும், "நீ வருவாய் என்று நினைத்தேன்" என்னும்போது எதிர்பார்த்தேன் என்றும் ஆகிவிடும். நடந்ததும் நடக்காததும் ஒரே வினைச்சொல்லுக்குள் குடியிருக்கின்றன. உளவியலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறது. 1932இல் வந்த நூலில் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் எழுதியிருக்கிறார்: ஒரு கதையைப் படித்தவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பார்த்தபோது, அவர்கள் தங்களுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டுப் பழக்கமான விஷயங்களால் இடைவெளியை நிரப்பியதைக் கண்டார். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் செய்த சோதனை இன்னும் கூர்மை. கார் மோதும் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "இடித்தபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "இடித்த" குழுவில் 50 பேரில் 7 பேரும் "நொறுங்கிய" குழுவில் 50 பேரில் 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

நினைவு என்பது பெட்டிக்குள் பூட்டி வைத்த சாமான், திறந்தால் அப்படியே இருக்கும் என்ற படிமத்தை இதற்குப் பிறகு நம்புவது கஷ்டம். ஆனால் கண்காட்சிகளில் பத்துக்கு எட்டுப் படைப்பு இன்னும் அந்தப் பெட்டியைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது, பழைய போட்டோவின் பழுப்பு (செபியா) வண்ணம் பூசி.

அதனால் "நினைவு" என்பதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேள்விக்குறியில் முடியும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒரு வீட்டைவிட்டுப் போனவருக்கு அந்த வீட்டின் அளவு எப்படி ஞாபகம் இருக்கிறது? ஒரு பொருளுக்கு உரியவர் போன பிறகு அந்தப் பொருள் யாருக்குச் சொந்தம்? ஒரே சம்பவத்தை இரண்டு பேர் வேறுவேறாகச் சொன்னால் மூன்றாவது ஆள் எதை வைத்துக்கொள்வது? எழுதிய பிறகு இதைச் சோதித்துப் பாருங்கள்: இந்தக் கேள்வியைக் காரணமாகச் சொல்லி, உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு நல்ல படைப்பை நிராகரிக்க முடியுமா? முடியாது என்றால் கேள்வி இன்னும் அகலமாக இருக்கிறது, திரும்ப எழுதுங்கள். எனக்கு ஒருமுறை இதற்கே ஐந்து வாரம் ஆனது, ஆனால் அதற்குப் பிறகு வந்த சண்டைகள் பாதியாகக் குறைந்தன.

2. வினைச்சொல்லைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படைப்பைப் பார்த்து "இது எதைப் பற்றியது?" என்று கேட்டால் பதில் பெயர்ச்சொல்லாக வரும்: இழப்பு, குழந்தைப் பருவம், ஊர். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "இது நினைவை என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். பதில் வினைச்சொல்லாக வந்தால் அந்தப் படைப்பில் ஏதோ நடக்கிறது. வரவில்லை என்றால் அது சும்மா சோகமாக நின்றுகொண்டிருக்கிறது.

நன்றாகத் தெரிந்த சில படைப்புகளை வைத்தே சொல்கிறேன். ரேச்சல் வைட்ரெட் 1993இல் கிழக்கு லண்டனில் ஒரு சாதாரணத் தொடர் வீட்டின் உட்புறம் முழுவதையும் கான்கிரீட்டில் வார்த்தார், அப்புறம் வெளிச்சுவர்களை நீக்கினார். ஆட்கள் நடமாடிய காற்று கெட்டிப்பட்டு நின்றது, வீட்டைக் காணோம். 1994 ஜனவரியில் அதையும் இடித்துவிட்டார்கள். இங்கே வினை: வார்க்கிறது. ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்தது இன்னொரு வகை. எய்ட்ஸால் இறந்த தன் துணைவர் ராஸின் நினைவாக, பளபளக்கும் தாளில் சுற்றிய மிட்டாய்களை, ஓர் ஆளின் எடை அளவுக்கு, சுமார் 79 கிலோ, ஒரு மூலையில் குவித்தார். வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப்போகலாம். குவியல் கரைகிறது, அருங்காட்சியகம் திரும்ப நிரப்புகிறது, மறுபடி கரைகிறது. வினை: கொடுக்கிறது, கொடுத்துக்கொண்டே மெலிகிறது.

யோகன் கெர்ட்ஸும் எஸ்தர் ஷாலெவ்-கெர்ட்ஸும் ஹாம்பர்க் நகரின் ஹார்பர்க் பகுதியில் 1986இல் 12 மீட்டர் உயரத் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். பாசிசத்துக்கு எதிரான நினைவுச்சின்னம். ஈயம் பூசிய அதன் பரப்பில் மக்கள் கையெழுத்துப் போடலாம். கைக்கெட்டும் உயரம் வரை நிரம்பியதும் தூணைக் கொஞ்சம் தரைக்குள் இறக்குவார்கள். 1993இல் தூண் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. நினைவுச்சின்னத்தையே பார்வையில் இருந்து புதைத்துவிட்டு, இனி ஞாபகம் வைத்திருக்கும் வேலை உங்களுடையது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது. கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ, காணாமல்போன பெண்களின் காலணிகளைச் சுவரில் குடைந்த பொந்துகளில் வைத்து, விலங்குச் சவ்வால் மூடி, அறுவைச் சிகிச்சை நூலால் தைத்தார். தைக்கிறது என்றும் சொல்லலாம், பார்க்கவிடாமல் காட்டுகிறது என்றும் சொல்லலாம்.

ஓவியர் ஆன் கவாரா நாட்களை எண்ணினார். 1966 ஜனவரி 4இல் தொடங்கி, ஒற்றை நிறப் பின்னணியில் அன்றைய தேதியை மட்டும் வரைந்தார், அன்று நள்ளிரவுக்குள் முடியாத ஓவியத்தை அழித்துவிடுவார். அப்புறம் நம் மொழிக்காரர், யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். போரில் இடம்பெயர்ந்த 80 பேரிடம் அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்தில் இருந்து வரையச் சொன்னார், அதைக் கட்டடக்கலை வரைபடமாகவும் மாற்றி, தன் ஓவியத்தையும் சேர்த்து, 2011இல் நிலப் பதிவேடு போன்ற ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார். தோம்பு என்ற பழைய பதிவேட்டுப் பெயரே அதன் தலைப்பிலும் இருக்கிறது. வீட்டில் எது பெரிதாக வரையப்பட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்தாலே நான் மேலே சொன்ன ஆய்வுகளை எல்லாம் மறந்துவிடலாம்.

இப்போது உங்கள் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கலைஞர் பெயருக்கும் எதிரே ஒரு வினையை எழுதுங்கள். அழிக்கிறது, பிரதி எடுக்கிறது, தப்பாகச் சொல்கிறது, மூடுகிறது, திருப்பித் தருகிறது. ஏழு பேரில் நான்கு பேருக்கு "பாதுகாக்கிறது" என்று வந்தால் மூன்று பேரை மாற்ற வேண்டும், அல்லது அவர்களிடமே வேறு படைப்பு கேட்க வேண்டும். வினைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போதுதான் கூடத்தில் உயிர் வரும்.

3. கலைஞர்களைச் சேர்ப்பது

ஒரு நடுத்தரக் கூடத்துக்கு ஏழில் இருந்து ஒன்பது பேர் போதும். நண்பர்கள் மனம் கோணக்கூடாது என்று பதினைந்து பேரைச் சேர்த்தால் ஆளுக்கொரு சுவர்த்துண்டு கிடைக்கும், அவ்வளவுதான். ஓவியம், ஒலி, துணி, வீடியோ, பொருள் என்று ஊடகம் கலந்திருக்கட்டும், ஆனால் வகைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுச் சேர்க்காதீர்கள், அது தெரிந்துவிடும். வயது வித்தியாசம் முக்கியம், எழுபது வயதுக்காரரின் மறதியும் இருபது வயதுக்காரரின் மறதியும் ஒரே சரக்கு இல்லை.

ஒரு சின்ன யோசனை. பார்த்தவுடன் நினைவைப் பற்றியது என்று தோன்றவே தோன்றாத ஒரு படைப்பையாவது சேருங்கள். வெறும் சுருக்கம் விழுந்த ஒரு தாள், ஒரே கோட்டைக் கண்ணை மூடி நூறு முறை போட்ட வரைபடம் மாதிரி. உடம்புக்கு இருக்கும் ஞாபகம் எந்தப் புகைப்படத்திலும் வராது.

அழைப்புக் கடிதத்தில் உங்கள் கேள்வியை எழுதுங்கள், கூடத்தின் அளவு, தேதிகள், கட்டணம், யார் எந்தச் செலவை ஏற்பது என்பதைச் சொல்லுங்கள். கவித்துவம் வேண்டாம். முடிந்தவரை ஸ்டுடியோவுக்கு நேரில் போய்விடுங்கள், ஏனென்றால் போட்டோவில் பார்த்து ஏற்றுக்கொண்ட படைப்பு நேரில் உள்ளங்கை அளவில் வந்து இறங்கிய கதை எனக்கு நடந்திருக்கிறது. அது நல்ல படைப்புதான், ஆனால் அதற்கென்று ஆறு மீட்டர் சுவர் காத்துக்கொண்டிருந்தது.

4. அடுத்தவர் நினைவுக்கு அனுமதி வாங்குங்கள்

எல்லா வழிகாட்டிகளும் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது, நான் கொஞ்சம் நிற்கிறேன்.

நாங்கள் நடத்திய ஒரு காட்சியில், ஒரு கலைஞர் தன் குடும்பத்துப் பழைய கடிதங்களைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தார். அருமையாக இருந்தது. மூன்றாவது நாள் அவருடைய அத்தை வந்தார். ஒரு கடிதத்தின் முன் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, என்னிடம் வந்து மெதுவாக, "தம்பி, இது நான் எழுதினது" என்றார். நாற்பது வருடத்துக்கு முன் தன் அண்ணனுக்குத் தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதியது, முன்பின் தெரியாத ஆட்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கலைஞருக்கு அது அப்பாவின் பெட்டியில் கிடைத்த கடிதம். எழுதியவர் உயிரோடு இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாததா என்ன? கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் என் தவறு. அன்று மாலையே அந்த ஒரு கடிதத்தை இறக்கினோம். காலி இடத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. தனிப்பட்ட பொருள், கடிதம், புகைப்படம், குரல்பதிவு எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்பேன்: இதில் இருப்பவர் யார், செய்தவர் யார், இப்போது வைத்திருப்பவர் யார். மூன்றும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். புகைப்படத்தில் சிரிப்பவர் ஒருவர், எடுத்த ஸ்டுடியோக்காரர் இன்னொருவர், ஆல்பத்தை வைத்திருக்கும் பேத்தி மூன்றாவது ஆள். பதிப்புரிமை பெரும்பாலும் எடுத்தவர் பக்கம் இருக்கும், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் பக்கம் இருக்கும் நாடுகளும் உண்டு, ஆல்பம் கையில் இருக்கிறது என்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், சந்தேகம் இருந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். சட்டம் இடம் கொடுத்தாலும் ஆள் உயிரோடு இருந்தால் போய்க் கேட்பது நம் கடமை.

வாய்மொழிப் பதிவு என்றால் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். அதில் எங்கே காட்டப்படும், பெயர் வருமா, முகம் வருமா, காட்சி முடிந்த பின் பதிவு யாரிடம் இருக்கும், நடுவில் மனம் மாறினால் யாரிடம் சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்பதெல்லாம் அவர் பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும். பதிவு செய்து, தொகுத்த பிறகு ஒருமுறை போட்டுக்காட்டுங்கள். தன் குரலைக் கேட்டதும் சிலர் ஒரு வரியை வெட்டச் சொல்வார்கள். வெட்டிவிடுங்கள். படைப்பு அதனால் செத்துப்போகாது.

போர், கலவரம், வன்முறை போன்றவற்றில் தப்பியவர்களின் கதை என்றால் இன்னும் நிதானம் வேண்டும். ஒருவரை அந்த நாளைத் திரும்பச் சொல்லவைப்பது சும்மா நடக்கும் காரியமில்லை, பேட்டி முடிந்து நீங்கள் ரெக்கார்டரை மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு அவர் அன்று இரவு தூங்க வேண்டும். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

5. காகித வேலை

சலிப்பான பகுதி, சீக்கிரம் முடிக்கலாம். ஒவ்வொரு கலைஞரோடும் இரண்டு பக்க ஒப்பந்தம் போடுங்கள். படைப்பின் பெயர், அளவு, மதிப்பு, கொண்டுவரும் செலவும் திருப்பி அனுப்பும் செலவும் யாருடையது, விற்றால் எவ்வளவு கழிவு (கமிஷன்), சேதமானால் என்ன, புகைப்படம் எடுத்து வெளியிட அனுமதி உண்டா என்பதை எல்லாம் எழுதிவிடுங்கள். காப்பீடு எடுத்தால் படைப்பு அவர்கள் சுவரில் இருந்து கழற்றிய நேரம் முதல் திரும்ப அங்கே போய்ச் சேரும் வரை இருக்கும்படி எடுங்கள், கூடத்தில் இருக்கும் நாளுக்கு மட்டும் எடுத்தால் பயன் குறைவு, சேதம் பெரும்பாலும் வண்டியில்தான் நடக்கிறது. கலைஞருக்கு ஒரு தொகை கொடுங்கள். சின்னத் தொகையாக இருந்தாலும் கொடுங்கள். தச்சருக்கும் அச்சகத்துக்கும் கொடுக்கிறோம், படைப்பு செய்தவருக்கு மட்டும் "வாய்ப்பு" கொடுக்கிறோம் என்று சொல்வது நன்றாக இல்லை.

6. கூடத்தில் வரிசைப்படுத்துவது

சிமோனிடிஸ் என்ற கிரேக்கக் கவிஞரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. விருந்து நடந்த மண்டபத்தின் கூரை விழுந்து எல்லோரும் அடையாளம் தெரியாமல் நசுங்கிப்போகிறார்கள், வெளியே போயிருந்ததால் தப்பிய கவிஞர், யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்து ஒவ்வொருவராக அடையாளம் சொல்கிறார். மனதில் ஒரு கட்டடத்தைக் கட்டி, அதன் அறைகளில் ஞாபகங்களை வைத்து எடுக்கும் உத்திக்கு இதைத்தான் பிறப்புக் கதையாகச் சொல்வார்கள். கண்காட்சி அமைப்பவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. இடத்தோடு சேர்த்துத்தான் ஞாபகம் நிற்கும், எனவே எது எங்கே இருக்கிறது என்பதும் நீங்கள் சொல்லும் விஷயத்தில் ஒரு பகுதி.

கூடத்தை நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள், அவர்கள் தரும் வரைபடத்தை நம்பாதீர்கள். தூண், பிளக் பாயிண்ட், சுவிட்ச் போர்டு, தீயணைப்புக் கருவி, ஜன்னல் எல்லாம் அதில் வர வேண்டும். அப்புறம் ஃபோம் போர்டில் 1:20 அளவில் மாதிரி செய்யுங்கள். 10 மீட்டர் கூடம் 50 செ.மீ. ஆகிவிடும், மேசை மேல் வைக்கலாம். படைப்புகளையும் அதே அளவில் அச்சிட்டு வெட்டி நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். கணினியிலும் செய்யலாம், ஆனால் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே பார்ப்பதில் தெரிவது திரையில் தெரிவதில்லை.

வாசலில் நின்றால் முதலில் கண்ணில் படுவது எது என்று முடிவு செய்யுங்கள். அங்கே பெரிய, சோகமான படைப்பை வைக்கும் ஆசை வரும். நான் வைப்பதில்லை, அதிலேயே தொண்டை அடைத்துப்போய் மற்ற ஆறையும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். இந்தத் தலைப்புக்கென்றே ஒரு தந்திரம் உண்டு: ஒரே வழியில் உள்ளே போய் அதே வழியில் வெளியே வரும்படி பாதையை அமைத்தால் முதல் படைப்பைப் பார்வையாளர் இரண்டு முறை கடப்பார். போகும்போது ஒன்றாகவும் வரும்போது வேறாகவும் தெரியும் படைப்பைத் தேடி அங்கே வையுங்கள். ஏற்கெனவே பார்த்ததை அவர் தப்பாக ஞாபகம் வைத்திருந்தார் என்பது அங்கேதான் அவருக்குத் தெரியும்.

ஓவியங்களின் நடுப்புள்ளி தரையில் இருந்து 145 முதல் 155 செ.மீ.க்குள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். சக்கர நாற்காலி போக வழி குறைந்தது 90 செ.மீ., திரும்ப 150 செ.மீ. வேண்டும். பெஞ்ச் போடுங்கள், இந்தத் தலைப்புக்கு வயதானவர்கள் நிறைய வருவார்கள், அவர்கள்தான் நின்று பார்ப்பவர்களும்.

வெளிச்சம்: காகிதம், துணி, பழைய புகைப்படம் என்றால் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம் என்பது அருங்காட்சியகங்களில் நெடுநாளாக இருக்கும் வழக்கம். வெளிச்சத்தால் வரும் மங்கல் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. 50 லக்ஸில் தினம் எட்டு மணி நேரம், முப்பது நாள் என்றால் 12,000 லக்ஸ்-மணி. அதே கடிதத்தை 200 லக்ஸில் வைத்தால் நான்கு மடங்கு. யாரோ நம்பிக் கொடுத்த ஒரே பிரதி என்றால் நல்ல ஸ்கேன் எடுத்து அதைக் காட்டுங்கள், அசலைப் பத்திரமாக வையுங்கள். 50 லக்ஸ் மங்கலாகத் தெரியும் என்று பயப்பட வேண்டாம், பளீரென்ற வீடியோ திரைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் கண் பழகாமல் திணறும்.

ஒலி இதைவிடப் பெரிய தலைவலி. நினைவுக் கண்காட்சியில் குறைந்தது மூன்று பேர் யாராவது பேசும் பதிவைக் கொண்டுவருவார்கள், மூன்று பாட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் சொன்னதும் காதில் விழாது. ஒன்று மட்டும் கூடத்துக்குள் திறந்து ஒலிக்கட்டும், மற்றவை ஹெட்போனில். தரைவிரிப்பும் தடித்த திரைச்சீலையும் எதிரொலியைக் குறைக்கும். வீடியோ எல்லாவற்றின் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் யாரும் முழுதாகப் பார்க்கப்போவதில்லை என்பதை ஒத்துக்கொண்டு சுருக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பில் ஓட்டாதீர்கள். அழுத்தமான ஒரு மௌனக் காட்சியின் நடுவே அப்டேட் செய்யவா என்று ஒரு பெட்டி எழும். மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடத் தொடங்கும் சின்ன மீடியா பிளேயர்கள் இருக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

7. சுவரில் என்ன எழுதுவது

முகப்புக் குறிப்பு 150 சொல்லுக்குள், லேபிள் 60 சொல்லுக்குள். நின்றுகொண்டு படிக்கிறார்கள், மறந்துவிட வேண்டாம். எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

"நினைவின் அடுக்குகள்", "காலத்தின் சுவடுகள்", "கடந்த காலத்தோடு ஓர் உரையாடல்", "வெளிக்கும் காலத்துக்கும் இடையிலான மௌனம்" இவற்றைத் தடை செய்யுங்கள். நான் இப்படிப்பட்ட சொற்றொடர்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில் மாற்றும் பழக்கத்தால் வருகிற வினை இது. தமிழிலேயே தொடங்குங்கள், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் "அப்படின்னா?" என்று கேட்கும் இடத்தை எல்லாம் மாற்றுங்கள்.

லேபிள் படைப்பைப் பற்றிய தகவலைத் தர வேண்டும், உணர்ச்சியை முன்கூட்டியே சொல்லித்தரக் கூடாது. "தன் தாயின் இழப்பை நெகிழ்வோடு ஆராய்கிறார்" என்பதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "இந்தப் புடவையைக் கலைஞர் நூல் நூலாகப் பிரித்தார், ஏழு மாதம் ஆனது, நூல் உருண்டையின் எடை புடவையின் எடையேதான்" என்று எழுதினால் மிச்சத்தை நானே உணர்ந்துகொள்வேன். என்ன பொருள், எப்படிச் செய்தது, யாருடைய குரல், எந்த ஆண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தகவல் அவசியம் என்றால் அதையும் சொல்லுங்கள், மிட்டாய்க் குவியலின் எடை தெரியாவிட்டால் அது வெறும் மிட்டாய்தானே.

8. மாட்டும் வாரம்

குறைந்தது நான்கு நாள் கேளுங்கள். வர்ணம் முதலில், அப்புறம் மின்சாரம், அப்புறம் கூடத்திலேயே அமைக்கும் பெரிய நிறுவல் படைப்புகள், கடைசியாகச் சின்னவை. கண்ணாடி துடைப்பதும் லேபிள் ஒட்டுவதும் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் படைப்பின் நிலையைப் புகைப்படம் எடுத்து, கீறல் மடிப்பு எது இருந்தாலும் குறித்து, கலைஞரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பெட்டியையும் பபுள் ரேப்பையும் தூக்கிப்போடாதீர்கள், பெயர் எழுதி வையுங்கள். பழைய புகைப்படங்களைத் தொடும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள், விரல் ரேகை பதிந்துவிட்டால் போகாது.

மாதிரியில் சரியாக இருந்தது கூடத்தில் சரியாக இருக்காது. இரண்டு படைப்பாவது இடம் மாறும். அதற்கென்று ஒரு முழு மதியத்தை ஒதுக்கி வையுங்கள், அந்த மதியத்தில் யாரும் டிரில்லைத் தொடக்கூடாது.

9. திறந்த பிறகு

காவலுக்கு நிற்பவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். இந்தக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சிலர் அழுவார்கள். அவசரமாகச் சமாதானம் சொல்ல வேண்டாம், ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்துக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லி வையுங்கள்.

"உங்கள் நினைவை இங்கே எழுதுங்கள்" என்று ஒரு மேசையும் ஒட்டும் தாளும் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. எழுதியதை என்ன செய்யப்போகிறோம் என்பதற்கு விடை இல்லாமலேயே வைக்கிறார்கள், முடிந்ததும் குப்பைப் பைக்குள் போகிறது. பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி உலகம் முழுக்க மக்களின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து சேர்த்தார், 2010இல் ஜப்பானின் டெஷிமா தீவில் அவற்றுக்கென்று ஒரு கட்டடமே திறக்கப்பட்டது. கொடுத்தவருக்குத் தன் துடிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும், போய்க் கேட்கலாம். உங்களால் தீவுக்குப் போக முடியாது, சரி. ஆனால் அந்தத் தாள்களை யார், எங்கே, எத்தனை நாள் வைத்திருப்பார், அல்லது எந்த நாளில் அழிப்பார் என்று ஒரு வரி எழுதி மேசையில் வைக்கலாமே. அழிக்கிறோம் என்று சொன்னால் இன்னும் மனம்விட்டு எழுதுகிறார்கள்.

கொடுத்துத் தீரும் படைப்பு இருந்தால் தினமும் எவ்வளவு போகிறது என்று எண்ணுங்கள், இரண்டாவது வாரம் தீர்ந்துபோய்க் கையைப் பிசையாமல் இருக்க. தினமும் காலையில் ஒருவர் எல்லா ஹெட்போனையும் காதில் வைத்துப் பார்க்கட்டும், ஒன்றாவது ஊமையாகியிருக்கும்.

10. இறக்குவது

கண்காட்சியை ஆவணத்துக்காகப் படம் எடுக்கத் திறப்பு நாளை நம்பாதீர்கள், அன்று எடுத்ததில் எல்லாம் முதுகுகள்தான் இருக்கும். முந்தின நாள் காலிக் கூடத்தை, வாசலில் இருந்து பார்வையாளர் நடக்கும் வரிசையிலேயே எடுத்துவிடுங்கள். ஆட்களோடு ஒரு சாதாரண வார நாளில் எடுங்கள். ஒலிப் படைப்புகளுக்காகக் கேமராவை ஓடவிட்டு ஒரு முறை மெதுவாக நடந்து வாருங்கள். தரைப்படம், லேபிள்கள், லக்ஸ் அளவு, மாட்டிய உயரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு எல்லாக் கலைஞர்களுக்கும் அனுப்புங்கள்.

இறக்கும்போது மாட்டிய வரிசைக்குத் தலைகீழாகப் போங்கள், சின்னவை முதலில். பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மறுபடி கையெழுத்து. வீட்டில் இருந்து இரவல் வந்த பொருட்களைக் கூரியரில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த அத்தையின் கடிதத்தை நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம், ஸ்கேன் செய்த கோப்பையும் அவர் எதிரிலேயே அழித்தோம். அவர் கடிதத்தை வாங்கி, படிக்காமல், பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சம் ஒரு நாள் வேலை இருக்கும். ஆணி பிடுங்கிய துளைகளைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, ஒரு கோட் வெள்ளை அடித்து, சாவியைக் கொடுத்துவிடுங்கள்.